கடை எரிஞ்சு பதினெட்டு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள சம்மதக் கடிதத்துல கையெழுத்து கேக்குறாங்க, போடலாமா?

கேள்வி:

வக்கீல் சார் வணக்கம். தென்மாவட்டத்துல ஒரு மாநகராட்சி மார்க்கெட்ல வளையல், பொட்டு, ரிப்பன் விக்கிற ஃபேன்சி கடை எங்களோடது, ஊர் பேர் போட்றாதீங்க. மாமனார் ஏலத்துல எடுத்த கடை, அவர் தவறி நாலு வருஷம் ஆச்சு, வாடகை ரசீது இன்னும் அவர் பேர்லதான் வருது, நானும் வீட்டுக்காரரும் நடத்துறோம். பதினெட்டு நாளைக்கு முன்னாடி நடுராத்திரி தீப்பிடிச்சு எங்க வரிசை பூரா போச்சு, சந்து குறுகல்ங்கறதால தீயணைப்பு வண்டி உள்ள வரவே முடியல, வளையல் எல்லாம் உருகி ஒரே பாறையா கிடக்குது சார், அதுக்கு மேல கடை நம்பர் தகடு மட்டும் அப்படியே இருக்கு. மின் கசிவுங்கறாங்க. ஆனா ரெண்டு மாசம் முன்னாடிதான் இங்க அஞ்சு மாடி காம்ப்ளக்ஸ் வரப்போகுதுன்னு பேச்சு வந்துச்சு, அதனால வேணும்னே வச்சதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. இப்போ ஆபீஸ்லேர்ந்து வந்து ஒரு தாள்ல கையெழுத்து கேக்குறாங்க, போட்டா பைபாஸ் பக்கம் தற்காலிக கடையும் கொஞ்சம் நிவாரணமும் தருவாங்களாம். இன்சூரன்ஸ் கிடையாது, பில் எல்லாம் எரிஞ்சிடுச்சு, முத்ரா லோன் பாக்கி இருக்கு. எங்க கடை படியில இருபது வருஷமா பூ கட்டி விக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, அவங்க பேரு எந்த லிஸ்ட்லயும் இல்ல. எங்க மார்க்கெட்டும் மூர் மார்க்கெட் மாதிரி ஆயிடுமா? கையெழுத்து போடலாமா வேண்டாமா?

பதில்:

வணக்கம்மா. கையெழுத்து இன்னைக்கு போடாதீங்க. அந்தத் தாளோட காப்பி ஒண்ணு குடுங்க, வீட்டுல படிச்சிட்டு சொல்றோம்னு மரியாதையா சொல்லி வாங்கி வச்சுக்கோங்க, காப்பி தர மாட்டோம்னா போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, அதுவும் கூடாதுன்னா அந்தத் தாள்ல உங்களுக்கு ஆகாத வரி ஏதோ இருக்குன்னு அர்த்தம். நான் பார்த்த வரைக்கும் இந்த மாதிரி சம்மதக் கடிதத்துல நிவாரணம் மேல பாதியில இருக்கும், கீழ் பாதியில "மேற்படி கடையின் மீது எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி எந்த உரிமையும் பாத்தியதையும் இல்லை"ன்னு ஒரு வரி படுத்திருக்கும். வீடு எரிஞ்சவன் மாதிரி நிக்கிற ஆளுக்கு மேல் பாதிதான் கண்ணுல படும்.

அந்தக் கீழ் வரியை அடிச்சுட்டு தந்தாங்கன்னா தாராளமா வாங்கிக்கோங்க, நிவாரணத்தை வேண்டாம்னு சொல்லி வீம்பு பிடிக்கிறதுல எந்த லாபமும் இல்ல. அடிக்க மாட்டோம்னா கையெழுத்துக்கு மேல உங்க கையாலேயே "என் கடை உரிமைக்குப் பங்கமில்லாமல், ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்"னு எழுதி தேதி போட்டுத்தான் வாங்கணும், அப்படி எழுதினா குடுக்க மாட்டோம்னு சொன்னாங்கன்னா அதையே ஒரு லெட்டரா எழுதி கமிஷனருக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிடுங்க.

மூர் மார்க்கெட்டை நீங்களே கேட்டுட்டீங்க, அதனால அங்கேர்ந்தே வர்றேன். 1898ல அடிக்கல் நாட்டி 1900ல திறந்த கட்டடம் அது, சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல செங்கல் செவப்புல நிக்கும், பழைய புக்லேர்ந்து கிராமபோன் ரெக்கார்டு, கிளி, முயல் வரைக்கும் கிடைக்கும். ஸ்டேஷனை விரிவாக்க அந்த இடம் வேணும்னு ரயில்வே கேட்டுட்டு இருந்துச்சு, வியாபாரிங்க போக மாட்டோம்னு நின்னாங்க, 1985 மே 30ந்தேதி தீப்பிடிச்சுது. யாரு வச்சா, வச்சாங்களா இல்லையாங்கறது நாப்பது வருஷம் ஆகியும் நிரூபணம் ஆகல. வியாபாரிங்க அல்லிக்குளம் காம்ப்ளக்ஸ்க்கு போனாங்க, மார்க்கெட் இருந்த இடத்துல புறநகர் ரயில் நிலையம் வந்துச்சு, இன்னைக்கும் மின்சார ரயில்ல போறவங்க மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்னு அந்தப் பேரைத்தான் சொல்றாங்க, வெளியில வண்டி நிறுத்துற இடத்துல அந்தக் கட்டடத்தோட ஒரு குட்டி மாடலை வச்சிருக்காங்க. பேரும் பொம்மையும் தங்கிடுச்சு. அல்லிக்குளத்துல ஒரு பழைய புக் கடைக்காரர்கிட்ட முன்னாடி அடிக்கடி புக் வாங்குவேன், அவர் ஒரு தடவை சொன்னது ஞாபகத்துல இருக்கு, "தீ ஒரு ராத்திரி சார், லிஸ்ட்ல பேர் ஏத்துறதுக்கு அலைஞ்சதுதான் வருஷக்கணக்கு"ன்னாரு.

நான் சொல்ல வர்றது அந்த லிஸ்ட்டைப் பத்திதான். ஜேசிபி உள்ள வந்து சாம்பலை அள்றதுக்கு முன்னாடி, எந்த இடத்துல எத்தனை அடி கடை, யாரு நடத்தினாங்கங்கறது அவங்க ஆபீஸ் ஃபைல்லயே ஏறிடணும். தரை காலியாயிட்டா எல்லாருமே "நானும் அங்க கடை வச்சிருந்தேன்"னு சொல்ற கூட்டத்துல ஒருத்தர்தான், உண்மையா வச்சிருந்தவரும் பொய் சொல்றவரும் ஒரே வரிசையில நிக்கணும்.

அதனால முதல் வேலையா அந்த நம்பர் தகட்டை எடுத்து பத்திரப்படுத்துங்க. அதுக்கும் முன்னாடி அது இருக்கிற இடத்துலேயே வச்சு வீடியோ எடுங்க, மார்க்கெட் வாசல்லேர்ந்து ஆரம்பிச்சு நிறுத்தாம நடந்து வந்து, ரெண்டு பக்கத்துக் கடை நம்பரும் விழுற மாதிரி, அந்த உருகின வளையல் பாறையையும் சேர்த்து ஒரே ஷாட்டா. அப்புறம் டேப் வச்சு கடையை அளந்து ஒரு தாள்ல படம் போட்டு அக்கம் பக்கத்து கடைக்காரங்க ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்குங்க, அவங்க தாள்ல நீங்க போடுங்க. இதை உங்க வரிசை பூரா செஞ்சு சங்கத்து மூலமா ஒரே கட்டா கமிஷனர் ஆபீஸ் தபால் பிரிவுல குடுத்து சீல் வாங்கிட்டீங்கன்னா பின்னாடி கோர்ட்டுல என் மாதிரி வக்கீலுக்கு பாதி வேலை மிச்சம்.

இப்போ உங்க கடையோட பலவீனத்தைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ரசீது மாமனார் பேர்ல இருக்கு, அவர் இல்ல. நாலு வருஷமா பேர் மாத்தாம விட்டது தப்பு, பில் கலெக்டர் பழக்கத்துல வாங்கிட்டுப் போனாரு நீங்களும் விட்டுட்டீங்க, எல்லா மார்க்கெட்லயும் நடக்குறதுதான், ஆனா இப்போ "லைசென்ஸ்தாரர் இறந்துட்டாரு, கடை காலி"ன்னு ஒரே வரியில முடிச்சிட வாய்ப்பிருக்கு. இ-சேவை மையத்துல வாரிசுச் சான்றிதழுக்கு அப்ளை பண்ணுங்க, தாசில்தார் ஆபீஸ்ல விசாரணைக்கு கூப்பிடுவாங்க, மாமியார், நாத்தனார்னு எல்லா வாரிசும் அதுல வருவாங்க, கடையை உங்க வீட்டுக்காரர் பேருக்கு மாத்த அவங்க எல்லாரும் சம்மதிச்சு எழுதித் தரணும். நாத்தனாரோட ஏதாவது மனஸ்தாபம் இருந்தா இந்த வாரமே போய் ஒரு காபி குடிச்சிட்டு வந்துருங்க. சான்றிதழ் வர்ற வரைக்கும் காத்திருக்காம பெயர் மாற்றத்துக்கு மனுவை இப்பவே குடுத்து வைங்க.

அடுத்தது உங்க கையில இருக்கிற பழைய ஒப்பந்தம் குத்தகையா லைசென்ஸாங்கறது. இது வக்கீலுங்க வாய்ச்சண்டைன்னு நினைக்காதீங்க, தீ விபத்துல ரெண்டும் ரெண்டு பாதை. சொத்து மாற்றுச் சட்டம் 108வது பிரிவுல என்ன இருக்குன்னா, குத்தகைக்கு எடுத்த இடம் தீயில பயனில்லாம போயிட்டா குத்தகையை முடிச்சுக்கறதா வேண்டாமாங்கறது குத்தகைதாரரோட இஷ்டம், இடத்துக்காரரோட இஷ்டம் இல்ல, தீ உங்க தப்பால வரலைன்னா. லைசென்ஸுக்கு வேற சட்டம், ஈஸ்மென்ட் சட்டம், அதுல 62வது பிரிவு, இடம் அழிஞ்சு போச்சுன்னா லைசென்ஸும் அதோட ரத்து ஆனதாவே கணக்கு. ரெண்டு சட்டமும் ஒரே வருஷம் 1882ல வந்தது, பாருங்க எவ்வளவு வித்தியாசம்னு. தாள் தலைப்புல "உரிமம்"னு போட்டிருந்தாலே அது லைசென்ஸ் ஆயிடாது, கடை பூட்டு சாவி யார்கிட்ட இருந்துச்சு, இடத்தை முழுசா யாரு அனுபவிச்சாங்கன்னு பார்த்துத்தான் முடிவு பண்ணணும்னு சுப்ரீம் கோர்ட் 1959லயே சொல்லியாச்சு. ஒப்பந்தக் காப்பி உங்ககிட்ட எரிஞ்சு போயிருந்தா மாநகராட்சிகிட்ட ஒண்ணு இருக்கும், அதை எப்படி வாங்குறதுன்னு கீழ சொல்றேன்.

கட்டடம் போச்சுன்னா வாடகை உரிமையும் போச்சான்னு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு. 2000த்துல கேரளாவுலேர்ந்து போன ஒரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஆமா போச்சுன்னுச்சு, அப்புறம் 2014ல மகாராஷ்டிரா சாங்லியிலேர்ந்து போன கேஸ்ல மூணு நீதிபதி பெஞ்ச், இல்ல, கட்டடம் மட்டும் இல்ல அதுக்குக் கீழ இருக்கிற மண்ணும் சேர்ந்துதான் வாடகைக்கு விட்டது, கட்டடம் போனாலும் உரிமை நிக்கும்னு பழைய தீர்ப்பை மாத்திடுச்சு. சாங்லி கேஸ்ல கட்டடத்தை இடிச்சதே மாநகராட்சிதான். ஆனா அங்க இடத்துக்காரர் தனியார், உங்களுக்கு இடத்துக்காரரே மாநகராட்சி, அதனால இந்தத் தீர்ப்பு கையில இருந்தா பலம்தான், இது ஒண்ணே ஜெயிச்சுக் குடுத்துடும்னு நான் சொல்ல மாட்டேன். இன்னொண்ணு, தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017 அரசாங்கக் கட்டடத்துக்கும் உள்ளாட்சி கட்டடத்துக்கும் பொருந்தாது, சங்கத்துல யாராவது "வாடகைச் சட்டப்படி நம்மள அசைக்க முடியாது"ன்னு மைக்ல பேசினா கைதட்டிட்டு விட்டுடுங்க.

இந்த உரிமை நிக்கணும்னா வாடகையை நிறுத்தாதீங்க. கடையே இல்ல வாடகை எதுக்குன்னு தோணும், நியாயம்தான், ஆனா ஆறு மாசம் கழிச்சு "அவங்களே விட்டுட்டாங்க, பாக்கி வேற இருக்கு"ன்னு எழுதறதுக்கு நாமளே இடம் குடுக்கக் கூடாது. கவுண்டர்ல வாங்கலைன்னா கமிஷனர் பேர்ல டிடி எடுத்து, கடை நம்பர் போட்டு, "கடையைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விரும்புகிறேன்"னு ரெண்டு வரி லெட்டரோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, திரும்பி வந்தா கவரைப் பிரிக்காம வைங்க. பிரிக்காத கவர் கோர்ட்டுல நல்லா பேசும்.

வேணும்னே வச்சாங்களான்னு கேட்டீங்க. எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வச்சது நிரூபணம் ஆனா பழைய ஐபிசி 436, இப்போ அதுக்குப் பதிலா வந்த புதுக் குற்றச் சட்டமான பிஎன்எஸ்ல 326, ஆயுள் தண்டனை வரைக்கும் போகக்கூடிய குற்றம், அதனால சந்தேகம் இருந்தா சந்தேகம்னே எழுதி போலீஸ்ல மனு குடுத்து, மனு வாங்கிக்கிட்டதுக்கு அவங்க தர்ற சிஎஸ்ஆர் ரசீதை வாங்குங்க, ஆள் பேரு போடாதீங்க, ஆதாரம் இல்லாம பேரு போட்டா மானநஷ்ட கேஸ் உங்க மேல திரும்பும். ஆனா மொத்த சக்தியையும் இதுலயே செலவு பண்ணாதீங்க. மூர் மார்க்கெட்ல நாப்பது வருஷமா பேசுற பேச்சு இதுதான், பேசினவங்க யாருக்கும் அதனால ஒரு சதுர அடி கூட திரும்ப வரல. தீயை யாரும் வைக்காம தானா பிடிச்சிருந்தா கூட, எரிஞ்ச இடம் காலி இடம்தானே, ஃபைல் தயாரா வச்சிருக்கிற ஆளுக்கு அது போதும். தீயணைப்புத் துறை அறிக்கையை மட்டும் கட்டாயம் வாங்கிடுங்க, அதுல தீ எந்தக் கடையில ஆரம்பிச்சதா போட்டிருக்குன்னு பாருங்க, உங்க கடை நம்பரைப் போட்டிருந்தா மேல சொன்ன 108வது பிரிவே உங்களுக்கு எதிரா திரும்பும், உடனே ஆட்சேபணை எழுதணும்.

பணத்துக்கு வர்றேன். இன்சூரன்ஸ் இல்லைன்னு எழுதியிருக்கீங்க, நிஜமாவே இல்லையான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. முத்ரா லோன் வாங்கினப்போ சரக்கை ஈடா காட்டியிருப்பீங்க, அப்படி இருந்தா நிறைய பேங்க்ல அவங்களே சரக்குக்கு தீ இன்சூரன்ஸ் எடுத்து பிரீமியத்தை உங்க அக்கவுண்ட்ல கழிச்சிடுவாங்க, உங்களுக்குச் சொல்லக்கூட மாட்டாங்க. லோன் அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட்டை வருஷக் கணக்கா எடுத்து வரி வரியா பாருங்க, சில நூறு ரூபாய்க்கு ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனி பேர்ல ஒரு கழிவு இருந்தா அதுதான். இருந்தா இன்னைக்கே பேங்க்குக்கும் கம்பெனிக்கும் எழுத்துல தெரிவிங்க, பதினெட்டு நாள் ஏற்கனவே லேட்டு, நஷ்டத்தை மதிப்பிடற இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் அந்த வளையல் பாறையை யாரும் தொடக்கூடாது, அதுதான் உங்க சரக்குக்கு சாட்சி. இதே மாதிரி ஒரு கடைக்காரர், என் கட்சிக்காரர்தான், போன வருஷம் கடையை "சுத்தமா" கழுவி விட்டுட்டு சர்வேயரைக் கூப்பிட்டாரு, வந்தவர் வெறும் சிமெண்ட் தரையைப் பார்த்து என்னத்த எழுதுவாரு.

பில் எரிஞ்சதுக்கு ரொம்ப கவலைப்படாதீங்க. ஜிஎஸ்டி நம்பர் இருந்தா உங்களுக்கு சரக்கு போட்டவங்க அவங்க ரிட்டர்ன்ல போட்டதெல்லாம் உங்க லாகின்ல 2பி ஸ்டேட்மென்ட்டா இருக்கும், மாசா மாசம் டவுன்லோட் பண்ணிடுங்க. ஜிஎஸ்டி இல்லைன்னா ஏஜென்சிக்காரங்ககிட்ட லெட்ஜர் காப்பி, லாரி ஆபீஸ்ல புக்கிங் ரசீது காப்பி, போன்ல ஜிபே கணக்கு, எல்லாம் சேர்த்தா ஓரளவு கணக்கு எழும்பிடும். ஆடிட்டர்கிட்ட ஒண்ணு கேளுங்க, அழிஞ்சு போன சரக்கு வாங்கினப்போ கட்டின வரியை நீங்க கழிச்சுக்கிட்டிருந்தா அதைத் திருப்பிக் கட்டணும்னு ஜிஎஸ்டி சட்டத்துல இருக்கு, 17வது பிரிவு, எரிஞ்ச வீட்டுல இதையும் கேப்பாங்களான்னு கோவம் வரும், வரட்டும், ஆனா இப்பவே சரி பண்ணிட்டா பின்னாடி வட்டியோட நோட்டீஸ் வராது. பேங்க் மேனேஜரைப் பார்த்து தவணைக்கு அவகாசம் கேட்டு எழுத்துல குடுங்க, வாய்ல சொன்னது நிக்காது.

இனி புதுக் கட்டடம். ஒண்ணு நேராச் சொல்றேன், கட்டவே கூடாதுன்னு கேஸ் போட்டா ஜெயிக்கிறது கஷ்டம். தீயணைப்பு வண்டி உள்ள வர முடியலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அந்தச் சந்து ஏன் குறுகிச்சு, கடை முன்னாடி நாம ரெண்டடி நீட்டி போட்ட தகரமும் அதுக்கு மேல தொங்கவிட்ட சரக்கும்தானே, உங்க கடை நீட்டலையா, நெஞ்சைத் தொட்டு சொல்லுங்க. அரசாங்க வக்கீல் கோர்ட்டுல முதல்ல காட்டப் போறது அந்தப் போட்டோதான். மதுரையில 2018 பிப்ரவரி 2ந்தேதி மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சு கடைங்க எரிஞ்சுது, அதுக்கப்புறம் என்னாச்சு, கோயிலுக்குள்ள கடையே வேண்டாம்னு காலி பண்ணச் சொல்லிட்டாங்க, வியாபாரிங்க கோர்ட்டுக்குப் போனாலும் பாதுகாப்புங்கற வார்த்தைக்கு முன்னாடி பிழைப்புங்கற வார்த்தை எடுபடல. பிழைக்கிற உரிமையும் உயிர் வாழுற உரிமைக்குள்ள அடக்கம்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது பம்பாய் நடைபாதைவாசிகள் கேஸ்ல, 1985 ஜூலை 10ந்தேதி, மூர் மார்க்கெட் எரிஞ்சு ஒன்றரை மாசம் கூட ஆகல. எல்லாரும் அந்த வரியை மேற்கோள் காட்டுவாங்க, அதே தீர்ப்பு மழைக்காலம் முடிஞ்சதும் காலி பண்ணிக்கலாம்னு அனுமதிச்சதை விட்டுடுவாங்க.

எதிர்ப்பக்கம் ஒரு உதாரணமும் இருக்கு. பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட், 2012 பிப்ரவரில தீப்பிடிச்சுது, இடிச்சிட்டு புதுசா கட்டலாங்கற பேச்சு ஏற்கனவே இருந்த இடம்தான். வியாபாரிங்க மாநகராட்சி வந்து கட்டித் தரட்டும்னு உக்காந்திருக்கல, சொந்தப் பணம் போட்டு சரி பண்ணி கடையைத் திறந்தாங்க, மார்க்கெட் இன்னைக்கும் அங்கேயே நடக்குது. கட்டடம் பாதியாவது நிக்குதுன்னா, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து உறுதிச் சான்று வாங்க முடியுமான்னு உங்க சங்கம் இந்த வாரமே பார்க்கணும். உங்க வரிசை முழுக்க இடிஞ்சு விழுந்திருந்தா இது ஆகாது.

அப்போ எதைக் கேக்கணும்னா, திரும்பி வர்ற உரிமையை கட்டடம் எழும்புறதுக்கு முன்னாடி எழுத்துல கேக்கணும். யாராவது கவுன்சிலர் வந்து "கண்டிப்பா உங்களுக்குத்தான் முன்னுரிமை"ம்பாரு, நல்லவராகவே இருப்பாரு, அடுத்த எலெக்ஷன்ல அவர் இருக்கணுமே. முன்னுரிமைங்கறது மாமன்றத் தீர்மானத்துல, அதாவது கவுன்சிலருங்க கூட்டத்துல போடற தீர்மானத்துல வரணும், கடை நம்பர், நடத்துறவர் பேரு, சதுர அடி எல்லாம் இணைப்புப் பட்டியலா அதோட ஒட்டியிருக்கணும். ஏலம் இல்லாம பழைய ஆளுக்குத் தர்றாங்களா, இல்ல ஏலத்துல கலந்துக்கலாம்னு மட்டும் சொல்றாங்களான்னு பாருங்க, ரெண்டாவதுக்கு முன்னுரிமைன்னு பேரு வச்சு ஏமாத்துறது சகஜம். டெபாசிட் எவ்வளவுன்னு கேளுங்க, இது பெரிய பொறி, கடை குடுப்பாங்க ஆனா முன்பணம் பல லட்சம்னு வச்சுட்டா உங்க சாவியை அவங்க பிடுங்க வேண்டியதே இல்ல, நீங்களே வச்சுட்டு வந்துருவீங்க. எந்த மாடின்னு கேளுங்க. மூணாவது மாடிக்கு படியேறி வந்து யாரும்மா பத்து ரூபா பொட்டு வாங்குவாங்க? ஃபேன்சி கடையும் பூக்கடையும் வர்ற போற கண்ணை நம்பி நடக்குற வியாபாரம், தரைத்தளம் இல்லைன்னா பாதி கடை செத்த மாதிரி.

தற்காலிக கடையும் அப்படித்தான். திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு மாத்தா கள்ளிக்குடியில ஒரு பெரிய மார்க்கெட் 2017ல கட்டித் திறந்தாங்க, ஊருக்கு வெளிய, கடை சின்னது, சில்லறை வாங்க வர்றவங்க அங்க எதுக்கு வரணும், வியாபாரிங்க போகவே இல்ல, வருஷக்கணக்கா கட்டடம் வெயில்ல காஞ்சுது. பைபாஸ் ஷெட்டு உங்களுக்கும் அந்த மாதிரிதான் இருக்கும்னு தோணுது, ஆனாலும் வேண்டாம்னு சொல்லாதீங்க. எத்தனை மாசத்துக்குன்னு தேதி போட்டு, பழைய கடை நம்பரைக் குறிப்பிட்டு, அதுக்கு மாத்தாத்தான் தர்றோம்னு உத்தரவுல எழுத வச்சு வாங்கிக்கோங்க. கூடவே ஊருக்குள்ளேயே வேற இடம், பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாநகராட்சி காலி மனை ஏதாவது, மனுவுல காட்டிக் கேளுங்க, இடத்தை நாமளே காட்டினா மறுக்குறதுக்கு அவங்க காரணம் எழுதணும்.

இதுக்கெல்லாம் ஆவணம் வேணுமே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாநகராட்சி பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்க, முப்பது நாள்ல பதில் தரணும். மார்க்கெட் கடைகளோட வாடகைக் கணக்கு எழுதற டிமாண்ட் பதிவேட்டுல உங்க கடை பக்கம், மாமனார் ஒப்பந்தத்தோட காப்பி, மார்க்கெட்டைப் பத்தி கடைசி மூணு வருஷத்துல போட்ட எல்லா மாமன்றத் தீர்மானம், புதுக் கட்டடத்துக்கு விரிவான திட்ட அறிக்கை இருந்தா அதுவும் வரைபடத்தோட. "ஏன் எங்களை ஏமாத்துறீங்க"ன்னு கேள்வியா கேக்காதீங்க, ஆவணம் பேரைச் சொல்லிக் கேளுங்க. திட்ட அறிக்கை தீக்கு முன்னாடி தேதியில இருந்துச்சுன்னா அதை வச்சு சதின்னு குதிக்கவும் வேண்டாம், பழைய மார்க்கெட்டை இடிச்சுக் கட்ட திட்டம் எல்லா ஊர்லயும் ஏதாவது ஒரு அலமாரியில இருக்கும், அதுல எத்தனை கடைன்னு மட்டும் எண்ணுங்க. இப்போ இருக்கிறதை விட கம்மியா இருந்தா, விடுபடப் போறது யாருன்னு கேக்க உங்களுக்கு நல்ல கேள்வி கிடைச்சிடுச்சு. தமிழ்நாடு அரசு டெண்டர் வெப்சைட்டையும் சங்கத்துல ஒரு காலேஜ் பையனை விட்டு வாரம் ஒருக்கா பார்க்கச் சொல்லுங்க. எதுக்கும் பதில் வராம மண் அள்ள ஆரம்பிச்சாங்கன்னா அப்போ ஹைகோர்ட் மதுரைக் கிளையில ரிட் போடலாம், தனித்தனியா போடாம வரிசையா சேர்ந்து போடுங்க, கட்டடத்தை நிறுத்துன்னு கேக்காம பட்டியல் எடுத்து மறு ஒதுக்கீட்டுக்கு உத்தரவு போடுன்னு கேளுங்க, அது கிடைக்கக்கூடிய நிவாரணம்.

கடைசியா அந்த பூக்கார அம்மா. உங்க நஷ்டத்துக்கு நடுவுல அவங்களைப் பத்தி கேட்டீங்க பாருங்க, லெட்டரை ரெண்டாவது தடவை படிச்சது அதுக்காகத்தான். சட்டப்படி பார்த்தா சில விஷயத்துல உங்களை விட அவங்க கை ஓங்கியிருக்கு. சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014ல, கணக்கெடுப்பு முடிஞ்சு சான்றிதழ் குடுக்குற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாதுன்னு தெளிவா இருக்கு, இடம் மாத்தறதா இருந்தாலும் முப்பது நாள் நோட்டீஸ் தரணும். அம்பது வருஷத்துக்கு மேல வியாபாரம் நடக்குற இயல்பான சந்தையை பாரம்பரியச் சந்தைன்னு அறிவிக்கணும்னு அந்தச் சட்டத்தோட அட்டவணையில இருக்கு, உங்க மார்க்கெட்டைச் சுத்தி உக்கார்றவங்க எல்லாருக்கும் இது பொருந்துமான்னு பார்க்கச் சொல்லி நகர விற்பனைக் குழுவுக்கு மனு போடலாம். அந்தக் குழுவுல பத்துக்கு நாலு பேர் வியாபாரிங்களாவே இருக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க, உங்க ஊர்ல அந்த இடத்துல யாரு இருக்காங்கன்னு விசாரிங்க. அந்தம்மாகிட்ட பழைய கணக்கெடுப்பு அட்டை இருக்கா, சாலையோர வியாபாரிங்களுக்குத் தர்ற ஸ்வநிதி லோன் வாங்கியிருக்காங்களா, தினசரி தரைவாடகை சீட்டு ஏதாவது முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காங்களான்னு கேளுங்க, அந்தக் கசங்கின சீட்டு ஒண்ணு போதும். எதுவுமே இல்லைன்னா உங்க லெட்டர்ல, "என் கடைப் படியில் இவர் இருபது வருடமாகப் பூ வியாபாரம் செய்கிறார்"னு ஒரு வரி எழுதி நீங்களும் வீட்டுக்காரரும் கையெழுத்து போடுங்க. உங்க உரிமைக்கே தகராறு இருக்கிறப்போ அவங்களையும் சேர்த்தா குழப்பம் ஆகுமேன்னு சங்கத்துல சொல்வாங்க, ஆகாது, அவங்க கேக்கறது வேற சட்டத்துல, வேற வரிசையில.

அப்புறம் அவங்களை வீட்டுல உக்கார விடாதீங்க. மார்க்கெட் வாசல்ல வெந்து போகாத பக்கத்துல எங்கயாவது கூடையை வச்சு நாளைக்கே உக்காரச் சொல்லுங்க, ரெண்டு முழம் வித்தாலும் பரவால்ல, அந்த நாள் பேப்பர் பக்கத்துல தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைங்க. நீங்களும் ஒரு சின்ன டேபிள் போட்டு வளையல் வச்சுக்கோங்க. திங்கட்கிழமை தபால் பிரிவுல சீல் வாங்கினதும் அந்த சம்மதக் கடிதத்தோட போட்டோவை எனக்கு அனுப்புங்க, கீழ் பாதியில என்ன எழுதியிருக்குன்னு பார்த்துட்டு மிச்சத்தைச் சொல்றேன்.